முதல் சம்பளத்தோடு ஆ-கஸ்ஸாவில் சேரச் சொல்லுங்கள்: ஸ்வீடனில் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும், ஊர் ஊராக வாட்ஸ்அப் குழுக்களை நடத்திக்கொண்டிருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நேரடியாகவே விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒரு குடும்பம் புதிதாக ஸ்டாக்ஹோமிலோ கோத்தன்பர்க்கிலோ வந்து இறங்கினால் நீங்கள் அவர்களுக்குச் செய்வது கொஞ்சநஞ்சமல்ல. வாடகைக்கு வீடு எங்கே தேடுவது, வாடகை வீட்டு வரிசையில் எப்படிப் பெயர் பதிவது, பர்சோன்நம்மர் என்ற அடையாள எண் வந்ததும் எந்த வங்கிக்குப் போனால் பேங்க்ஐடி என்ற மின்னணு அடையாளம் சீக்கிரம் கிடைக்கும், இட்லி அரிசி எந்தக் கடையில், குளிர்காலத்துக்குக் குழந்தைக்கு என்ன ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் குழுவில் பதில் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டாலும் யாராவது ஒருவர் பதில் போடுகிறார். இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் ஒன்று மட்டும் தொடர்ந்து விடுபட்டுப் போகிறது, அதுதான் ஆ-கஸ்ஸா, அதாவது வேலையிழப்புக் காப்பீட்டு நிதி. யாருக்காவது வேலை போன பிறகுதான் அந்தப் பெயரே குழுவில் எட்டிப் பார்க்கிறது. அப்போது சேர்ந்து பெரிய பயன் இல்லை.

நம்மவர்கள் இதில் சேராமல் இருப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாம் வளர்ந்த வழக்கம் அப்படி. ஊரில் வேலைக்குச் சேர்ந்தால் பி.எஃப். தானாகவே பிடிப்பார்கள், நம்மிடம் யாரும் கேட்பதில்லை. இங்கே வந்து முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தால் கணிசமான தொகை வரியாகப் போயிருக்கிறது. அதற்கு மேல் முதலாளி தன் பங்காக 31.42 சதவீதம் தனியாகக் கட்டுகிறார் என்றும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். சரி, இவ்வளவு பிடிக்கிறார்களே, வேலை போனால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. பள்ளிக்கூடம் இலவசம், குழந்தைகளுக்கு மருத்துவம் இலவசம், பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு விடுப்பு என்று எல்லாம் தானாகக் கிடைக்கும் நாட்டில் இது ஒன்று மட்டும் நாமே கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டிய விஷயம் என்று யாருக்குத் தோன்றும்?

இது இப்படி இருப்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காகச் சேர்த்து வைத்த நிதிக்கு மேல் அரசு தன் பணத்தைப் போடுவது என்ற ஏற்பாடு 1901இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் உருவானது. ஸ்வீடன் 1934இல் சட்டம் போட்டு அதையே எடுத்துக்கொண்டது. டென்மார்க்கும் பின்லாந்தும் அதே வழியில்தான் இருக்கின்றன. நார்வே மட்டும் இடையில் எல்லோருக்கும் கட்டாயம் என்று மாற்றிக்கொண்டது. அதனால்தான் ஆஸ்லோவில் இருக்கும் நம் உறவினர் இதைப் பற்றிக் கவலையே படாமல் இருக்க, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் தேடிப்போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

இதில் நம்மவர்கள் அவசியம் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலாளி கட்டும் அந்த 31.42 சதவீதத்துக்குள்ளேயே வேலைச் சந்தைக்கான பங்கு என்று 2.64 சதவீதம் இருக்கிறது. வேலையிழந்தவர்களுக்குக் கொடுக்கப்படும் பணத்தின் பெரும்பகுதி அரசு வழியாக இப்படித்தான் வருகிறது, உறுப்பினர்கள் கட்டும் மாதக் கட்டணம் அதில் சிறு பகுதிதான். ஆக, உங்கள் உழைப்பின் பேரில் பணம் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. உறுப்பினர் இல்லாதவருக்குச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த ஒரு அடிப்படைத் தொகைதான், அதற்கும் நிபந்தனை உண்டு. சம்பளத்தை ஒட்டிய தொகை வேண்டுமென்றால் உறுப்பினராக இருக்க வேண்டும். மாதம் ஏறத்தாழ நூறிலிருந்து இருநூறு குரோனர் கட்டாததால் அந்த உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறோம். இரண்டு பேர் வெளியில் மதியச் சாப்பாடு சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகிறது.

எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குழுக்களில் பழைய கணக்கும் புதிய கணக்கும் கலந்து ஓடுகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் புதிய சட்டம். முன்பு எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று பார்த்தார்கள், இப்போது எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று பார்க்கிறார்கள். கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 1,20,000 குரோனர் வருமானம் இருக்க வேண்டும், அதில் குறைந்தது நான்கு மாதங்களிலாவது மாதம் 11,000 குரோனருக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். முழு நேர வேலையில் இருப்பவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இடறுவது அடுத்த நிபந்தனையில்தான்: பன்னிரண்டு மாதம் உறுப்பினராக இருந்திருந்தால்தான் 80 சதவீதம். அதற்குக் குறைந்தால் சதவீதமும் குறைகிறது. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு மாதம் 34,000 குரோனர், ஆகவே முழுமையாகக் கிடைத்தால் வரிக்கு முன் மாதம் 27,200. நூறு நாள் கழித்து 70 சதவீதம், இருநூறு நாள் கழித்து 65 சதவீதம் என்று இறங்கும். அதிகபட்சம் 300 நாள், வாரத்துக்கு ஐந்து நாள் கணக்கில்.

இந்தப் பன்னிரண்டு மாதம்தான் இந்த மடலை எழுத வைத்தது. பணத்தை மொத்தமாகக் கட்டி அதை வாங்கிவிட முடியாது, சிபாரிசிலும் கிடைக்காது, அந்த மாதங்கள் கழிந்தே ஆக வேண்டும். நோட்டீஸ் கையில் வந்த பிறகு சேரலாம், தடையில்லை, ஆனால் நோட்டீஸ் காலம் எவ்வளவு? இந்நாட்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஒரு மாதம், இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு இரண்டு மாதம், நான்கைத் தாண்டினால் மூன்று. பத்து வருடம் ஒரே இடத்தில் இருந்தவருக்குக்கூட ஆறு மாதம்தான். தொழிற்சங்கமும் முதலாளிகளும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டுக்கு எட்டாது.

எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம், கணவருக்கு வேலை போகிறது என்று மனிதவளத் துறையினர் கூப்பிட்டுச் சொன்ன கூட்டத்தில் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே எந்த ஆ-கஸ்ஸாவில் இருக்கிறீர்கள் என்பதுதானாம். அவர் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, சம்பளச் சீட்டு ஒன்றைச் சமையலறை மேசையில் விரித்து வைத்து, "இதுல எந்த வரியில இருக்கு, பாத்துச் சொல்லுங்க, கம்பெனி கட்டியிருக்கும்ல?" என்று கேட்டார். சீட்டில் சம்பளம், வரி, விடுமுறை நாட்கள், அவ்வளவுதான். ஐந்து வருடமாக ஸ்வீடனில் வேலை செய்கிறார், ஒரு நாளும் வரி ஏமாற்றியதில்லை, மகள் இங்கேதான் இரண்டாம் வகுப்பு. அவர் மனைவி மெதுவாக, "சங்கத்துல யாரும் இதப் பத்திச் சொல்லலியேண்ணா" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு எல்லாத் தகவலும் வருகிற இடம் அதுதான், அதனால் சொன்னார். எனக்கு அது இன்னும் மனதில் கிடக்கிறது.

எங்கள் பிராஜெக்ட் நன்றாகப் போகிறது, எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சன் 2023 பிப்ரவரியில் ஸ்வீடனில் மட்டும் 1,400 இடங்களைக் குறைப்பதாகச் சொன்னது, அடுத்த வருடம் மார்ச்சில் மேலும் 1,200. வால்வோ கார்ஸ் 2025 மே மாதம் ஏறத்தாழ 3,000 அலுவலக வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது, பெரும்பகுதி ஸ்வீடனில், கன்சல்டன்ட்டாக இருந்தவர்களையும் சேர்த்து. ஷெலெஃப்தியோவில் பேட்டரித் தொழிற்சாலை கட்டிய நார்த்வோல்ட், உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களைக் கூட்டி வந்த நிறுவனம், 2024 செப்டம்பரில் 1,600 பேரைக் குறைக்கத் தொடங்கி 2025 மார்ச்சில் திவாலே ஆனது. ஸ்டாக்ஹோமின் கிஸ்தாவிலும் கோத்தன்பர்க்கின் லிண்ட்ஹோல்மனிலும் நாம் தினமும் பார்க்கும் கட்டடங்களுக்குள் நடப்பவை இவை. 2007இல் அப்போதிருந்த அரசு ஆ-கஸ்ஸா கட்டணத்தை ஏற்றியபோது லட்சக்கணக்கான ஸ்வீடன்காரர்களே இது வேண்டாம் என்று வெளியேறினார்கள், அடுத்த வருடமே உலக நிதி நெருக்கடி வந்து நின்றது. பிறகு 2014இல் அந்தக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், இங்கே சொந்தபந்தம் இல்லாத நமக்கு?

இன்னொரு வாதம்: "பர்மிட்ல இருக்கோம், வேலை போனா மூணு மாசத்துல வேற வேலை கிடைக்கலன்னா கிளம்ப வேண்டியதுதான், அப்புறம் எதுக்கு இந்தக் காசு?" இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, உண்மையான கவலை. வேலை அனுமதியில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புது வேலை தேட மூன்று மாதம்தான் அவகாசம், அனுமதியின் வகையைப் பொறுத்துச் சிலருக்குக் கூடுதலாக இருக்கலாம். ஆ-கஸ்ஸா அந்த அவகாசத்தை ஒரு நாள்கூட நீட்டித் தராது. அதைப் புதியவர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மூன்று மாதத்தில்தான் மனிதன் நிதானமாக இருக்க வேண்டும். வாடகை நிற்காது, சாப்பாடு நிற்காது, ஊருக்கு அனுப்பும் வீட்டுக்கடன் தவணையும் நிற்காது. மாதம் 150 என்று வைத்தால் வருடத்துக்கு 1,800 குரோனர் கட்டணம். வேலை போனால் மூன்று மாதத்தில் வரிக்கு முன் 80,000 வரை வரக்கூடும். அந்தப் பணம் இருந்தால் வருகிற முதல் குறைந்த சம்பள வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சம்பளம் ஒரு அளவுக்குக் கீழே போனால் பர்மிட்டே கிடைக்காது என்ற நிலையில் இது சின்ன விஷயமும் இல்லை. உங்கள் அனுமதியின் வகைக்கு இழப்பீடு எப்படிப் பொருந்தும் என்பதைச் சேரும்போதே கஸ்ஸாவிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இந்தியக் கம்பெனியின் ஆளாகவே டெப்யூட்டேஷனில் வந்தவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும், அவர்கள் சம்பளம் எங்கே, யார் பெயரில் வருகிறது என்பதைப் பொறுத்து நிலைமை மாறும்.

சரி, எதில் சேர்வது? ஸ்வீடனில் இருபதுக்கு மேற்பட்ட ஆ-கஸ்ஸாக்கள் இருக்கின்றன, பட்டியலைப் பார்த்ததும் பலர் அப்புறம் பார்க்கலாம் என்று மூடி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் இதில் குழம்ப ஒன்றுமில்லை. எதில் சேர்ந்தாலும் சட்டப்படி கிடைக்கும் தொகை ஒன்றே, விதிகளும் ஒன்றே. கட்டணத்தில் சில பத்துக் குரோனர் வித்தியாசம், விண்ணப்பத்தைப் பார்க்க எடுக்கும் காலம், ஆங்கிலத்தில் பேசுவார்களா என்பது, அவ்வளவுதான் வேறுபாடு. பட்டம் படித்துவிட்டு வேலையில் இருப்பவர்களுக்கு அகாடமிக்கர்னாஸ், தனியார் நிறுவன அலுவலக வேலையில் இருப்பவர்களுக்கு யூனியனென் என்ற தொழிற்சங்கத்தின் பெயரில் உள்ளது, நகராட்சி வேலை, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி என்றால் கொம்முனால், தொழிற்சாலைக்கு ஐ.எஃப். மெட்டால். எதிலும் பொருந்தவில்லை, அல்லது அடிக்கடி துறை மாறுகிறீர்கள் என்றால் அல்ஃபா-கஸ்ஸான் எல்லோருக்கும் பொது. பின்னால் வேறொன்றுக்கு மாறினால் சேர்த்த மாதங்கள் கூடவே வரும், இடையில் இடைவெளி மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே சரியானதைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று மூன்று மாதம் ஆராய்ச்சி செய்வதைவிட இன்றைக்கே ஏதோ ஒன்றில் சேர்ந்துவிட்டு ஆராய்ச்சி செய்வது மேல்.

தொழிற்சங்கம் வேறு, ஆ-கஸ்ஸா வேறு என்பதையும் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் யூனியனில் சேர்ந்தவர் ஆ-கஸ்ஸாவிலும் சேர்ந்துவிட்டதாக நினைக்கிறார், யூனியன் என்றாலே தயங்குபவர் ஆ-கஸ்ஸாவையும் சேர்த்து ஒதுக்குகிறார். இரண்டும் தனித்தனி உறுப்பினர் பதிவு, தனித்தனிக் கட்டணம், ஒன்று இல்லாமல் இன்னொன்றில் இருக்கலாம். என் கருத்தைக் கேட்டால் இரண்டிலும் இருங்கள் என்பேன். ஐம்பதாயிரம் குரோனர் சம்பளம் வாங்குபவருக்கு 27,200 என்பது பாதியைக் கொஞ்சம் தாண்டும் அளவுதான். அந்த உச்சவரம்புக்கு மேலே இருக்கும் சம்பளத்துக்குப் பல தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கென்று தனி வருமானக் காப்பீடு வைத்திருக்கின்றன, அதற்கு ஆ-கஸ்ஸா உறுப்பினராகவும் இருந்தாக வேண்டும், பெரும்பாலும் அங்கேயும் ஒரு வருடக் காத்திருப்பு. தவிர, நிறுவனம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம்மவர்கள் அதிகம் நஷ்டப்படும் இடம் அது. சில மாதச் சம்பளத்தைக் கையில் தருகிறோம், நீங்களாக விலகுவதாக எழுதிக் கொடுங்கள் என்பார்கள். மரியாதையாகப் பேசுவார்கள், நாமும் மரியாதைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். தக்க காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு ஆ-கஸ்ஸா வாரக்கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்கும். ஆட்குறைப்பால்தான் இந்த ஒப்பந்தம் என்று நிறுவனம் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. கையில் வாங்கிய அந்தத் தொகையும் இழப்பீடு தொடங்கும் நாளைத் தள்ளிப்போடும். ஆகவே ஒரு நாள் அவகாசம் கேட்டு, கஸ்ஸாவுக்கும் யூனியனுக்கும் போன் போட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்று ஒவ்வொருவர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

வேலை இல்லாமல் போகும் முதல் நாளே அர்பேட்ஸ்ஃபார்மெட்லிங்கன் என்ற வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு முந்தைய நாட்களுக்குப் பணம் கிடையாது. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியிலிருந்து 14க்குள் முந்தைய மாதம் என்னென்ன வேலைக்கு விண்ணப்பித்தோம் என்ற அறிக்கையைக் கொடுக்க வேண்டும். மனம் நொந்திருக்கும் நேரத்தில் ஊருக்குப் போய் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும், நியாயம்தான், ஆனால் பணம் வாங்கும் நாட்களில் வேலைக்குத் தயாராக இங்கே இருக்க வேண்டும் என்பது விதி. சொல்லாமல் போய் மாட்டிக்கொண்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

வேலைக்குப் போகும் துணைவர்களை, குறிப்பாக நம் வீட்டுப் பெண்களை, யாரும் நினைப்பதே இல்லை. மழலையர் பள்ளியில் பாதி நேரம், ஓட்டல் சமையலறையில் வாரத்துக்கு நான்கு நாள் என்று வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் நம்மிடையே! வருடம் முழுவதும் மாதம் 11,000 தாண்டினால் அவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. வீட்டில் ஒருவர் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிறார்கள், ஒருவர் உறுப்பினர் பதிவு இன்னொருவருக்கு உதவாது. அதேபோல் பிள்ளை பெற்று விடுப்பில் ஆறு மாதம் ஊருக்குப் போகும்போது செலவைக் குறைக்கிறோம் என்று கட்டணத்தை நிறுத்திவிடுகிறார்கள். பெற்றோர் விடுப்புக் காலத்தை வருமானக் கணக்கில் தள்ளிவிட்டு அதற்கு முந்தைய மாதங்களைப் பார்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் கட்டணம் நின்று உறுப்பினர் நிலை போய்விட்டால் பன்னிரண்டு மாதம் மறுபடி முதலிலிருந்து. வங்கியிலிருந்து தானாகப் போகும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. புதியவர்களுக்கு நீங்கள் அனுப்பும் வரவேற்புச் செய்தியில் பேங்க்ஐடிக்கு அடுத்த வரியாக, "முதல் சம்பளம் வந்த மாதமே ஆ-கஸ்ஸாவில் சேருங்கள், கணவன் மனைவி இருவரும்" என்று சேருங்கள். அடுத்த பொங்கல் விழாவில் குழந்தைகள் நடனத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் ஒதுக்கி, மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட்டு, மடிக்கணினியோடு இரண்டு பேரை உட்கார வையுங்கள். பேங்க்ஐடி கையில் இருந்தால் சேர்வதற்குச் சில நிமிடங்கள்தான், அங்கேயே முடித்துவிட்டுப் போகலாம். ஸ்வீடிஷ் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளே நிறைய இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். குழுவில் யாராவது "எல்லாம் கம்பெனியே கட்டும்" என்று எழுதினால் அட்மினாக இருக்கும் நீங்கள் அந்த இடத்திலேயே திருத்துங்கள், அந்தத் தவறான நம்பிக்கையின் விலை ஒரு குடும்பத்தின் பல மாத வாடகை.

கிஸ்தா பக்கம் விழா நடந்தால் அந்த மேசையில் உட்கார நான் வருகிறேன். தமிழில் ஒரு பக்கத்துக்கு விவரங்களை எழுதித் தரவும் தயார், விதி மாறும்போதெல்லாம் அதைத் திருத்துவதும் என் பொறுப்பு. தேதியை மட்டும் முடிவு செய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு சங்க உறுப்பினர்